அரைப் பாவு அவல்

போன மாதம் என் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அஷ்வினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு டயட் டிபார்ட்மெண்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நோயாளிகளுக்காக மொபைல் ஆப் ஒன்று தயாராகிறதாம். வீட்டில் கப்பிலும் ஸ்பூனிலும் அளந்து போடுவதை அதில் தட்டினால் உடனே கிராமில் மாற்றிச் சொல்லிவிடுமாம். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்டாள்.

"மேடம், ஒரு கப் அரிசிக்கு எவ்வளவு கிராம்னு போடட்டும்?"

"யார் வீட்டுக் கப்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் பேசியபின், இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் ஆப் செய்கிறவர்களுக்கு அனுப்புவேன் என்றாள். அவர்கள் இவ்வளவு நீளமாகப் படிப்பார்களா என்று தெரியாது. படிக்கட்டுமே, சம்பளம் வாங்குகிறவர்கள்தானே.

நான் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஹோம் சயின்ஸ் படித்தேன், பயிற்சி முடித்தேன், பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. புத்தகத்தில் எல்லாமே கிராமில் இருந்தது. நோயாளிகளின் வீட்டில் கிராம் என்று எதுவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை, இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

எங்கள் தலைவி வேதவல்லி மேடம். மல்லேஸ்வரத்துக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் அந்தக் காலத்து மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், அது அவருக்கே தெரியாது. கோபித்து நான் பார்த்ததில்லை. "தப்பு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் இல்லை. "மறுபடி அளங்க" என்பார். "காபி குடிங்க" என்று உபசாரம் செய்கிற அதே குரலில் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம், நேராக நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

சேர்ந்த முதல் வாரம் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு ஒரு தட்டு கோதுமை மாவும் ஒரே ஒரு கப்பும் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கப் மாவு அளக்கச் சொன்னார். நான் கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி வாரினேன். பக்கத்தில் இருந்தவள் ஸ்பூனால் மெல்லப் போட்டு நிரப்பினாள். மூன்றாமவள் கப்பை மேஜையில் தட்டித் தட்டி நிரப்பினாள். தராசில் வைத்தால் எனக்கும் இரண்டாமவளுக்கும் நடுவே ஒரு சப்பாத்தி அளவுக்கு வித்தியாசம். மூன்று பேருமே கப்பை விளிம்பு வரைக்கும்தான் நிரப்பியிருந்தோம். மேடம் அந்த மாவையெல்லாம் சமையலறைக்கு அனுப்பிச் சப்பாத்தி போடச் சொல்லி எங்களுக்கே பரிமாற வைத்தார். அளந்த பொருளைக் கொட்டக்கூடாது என்பது அவர் சட்டம். உளுந்து, ரவை, பொட்டுக்கடலை என்று அந்த வருஷம் நான் அளந்து அளந்து தின்றதில் என் ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் அறையில் யாராவது "ஒரு கப்", "ஒரு டம்ளர்" என்று வாயெடுத்தால் போதும். மேடம் தலையை நிமிர்த்தாமல், "யாவ லோட்டா? எந்த லோட்டா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்பார். பெங்களூரில் எவர்சில்வர் டம்ளருக்கு லோட்டா என்றுதான் பேர்.

அதனால் எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு முறை இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள், கிட்னிக்காரர்கள், யாராக இருந்தாலும் இரண்டாம் தடவை வரும்போது வீட்டில் அளக்கிற பாத்திரத்தையே கையோடு கொண்டு வரவேண்டும். துணிப்பையிலிருந்து என்னென்னவோ வெளியே வரும். லோட்டா, டபரா, தேங்காய் எண்ணெய் டப்பாவின் மூடி, பிள்ளைக்குப் பால்மாவு போட வாங்கிய டப்பாவுக்குள் கிடந்த பிளாஸ்டிக் ஸ்பூன். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம். பிறகு வீட்டில் எப்படி அளப்பார்களோ அப்படியே அளக்கச் சொல்வோம். தலை தட்டுங்கள், குவிக்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. நாம் சொல்லிக் கொடுத்தால் நமக்காக ஒரு தடவை ஒழுங்காக அளப்பார்கள், வீட்டுக்குப் போனதும் அவர்கள் கைதான் அளக்கும் என்பார் மேடம். மூன்று தடவை அளக்க வைத்து, மூன்றையும் நிறுத்து, நடுவான எடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி, அவர்களுக்கு விதித்த எடைக்குத் தானியம் எந்த மட்டத்தில் நிற்குமோ அங்கே ஒரு கோடு போட வேண்டும்.

முதலில் நகப்பூச்சால் போட்டோம். தேய்க்கிற நாரில் ஒரே வாரத்தில் போய்விட்டது. பிறகு மேடமே வழி கண்டுபிடித்தார். கல்யாணப் பாத்திரங்களில் பேர் வெட்டிக் கொடுக்கிற கடைக்கு அனுப்பினோம். அந்தக் கடைக்காரருக்கு ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. பேரே இல்லாமல் வெறும் கோடு மட்டும் வெட்டச் சொல்கிறார்களே என்று போன் செய்து கேட்டார். சிவாஜி நகரிலிருந்து வந்த ஒரு அம்மாள், காசு கொடுக்கிறோமே, சும்மா கோடு எதற்கு என்று வீட்டுக்காரர் பேரையே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். இனி உங்க பேருக்கு மேல ஒரு அரிசி ஏறாது என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். அந்த மனிதருக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. உப்பைக் குறைக்க வேண்டிய ஒரு பெரியவர், எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று கால் வீங்கி வந்தார். அதே ஸ்பூன், அதே ஒரு ஸ்பூன், மருமகள் அடித்துச் சொன்னாள். மேடம் உப்பையும் கொண்டுவரச் சொன்னார். கல்லுப்பு போட்டுக்கொண்டிருந்த வீட்டில் மகன் பாக்கெட் தூளுப்பு வாங்கிப் போட்டிருந்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருக்கும், தூளில் அது இல்லை. ஸ்பூன் மாறவில்லை, உப்பு ஏறிவிட்டது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, பாத்திரத்தையும் பொருளையும் தராசில் வைத்துவிட்டால் எந்த முடிச்சும் அவிழ்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடு இருந்தபோதுதான் கீர்த்தனா வந்தாள்.

கீர்த்தனாவுக்கு அப்போது பத்து வயது. ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு. அப்பா இல்லை. அம்மா செல்வி வைட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட் வீடுகளில் வேலை. பஸ் மாறிப் போய்ப் பஸ் மாறி வர வேண்டும், வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகியிருக்கும். குழந்தைக்கு இன்சுலின் இல்லாமல் உயிர் தரிக்காத சர்க்கரை வியாதி. காலையில் செல்வி ஊசி போட்டுவிட்டுப் போவாள். அந்த ஊசியின் வேகம் மத்தியானத்துக்கு மேல் ஏறும். அந்த நேரத்துக்கு வயிற்றில் சரியான அளவு சாப்பாடு இருக்க வேண்டும். கூடினால் சர்க்கரை ஏறும், குறைந்தால் இறங்கும். இறங்குவதுதான் பயம், குழந்தை மயங்கிவிடும். அதனால் ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்பிட நாங்கள் கொடுத்த டிபன், ஐம்பது கிராம் அவலில் உப்புமா. எங்கள் சார்ட்டில் கிராமுக்குப் பக்கத்தில் வீட்டு அளவும் எழுதியிருக்கும். அங்கே 'அரைப் பாவு' என்று இருந்தது.

பாவு என்பது இங்கே கன்னடக்காரர் வீட்டிலும், நாளாக இங்கேயே இருக்கிற தமிழர் வீட்டிலும் அரிசி அளக்கிற சின்னப் படி. நாலு பாவு, ஒரு சேர் என்கிற பெரிய படி. செல்வி வீட்டில் அலுமினியத்தில் ஒன்று இருந்தது. கொண்டு வந்தாள், அளந்தாள், நிறுத்தோம். அரைப் பாவு கெட்டி அவல் ஐம்பது கிராமுக்கு ஒட்டி நின்றது. மேடம்கூட மறுபடி அளக்கச் சொல்லவில்லை, கோடு வெட்டவும் சொல்லவில்லை.

அந்த டிபனைச் செய்து கொடுத்தவர் அடுத்த வீட்டு அம்மாள் ஷமீம். சொந்தப் பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஸ்கூலிலிருந்து வருகிற கீர்த்தனாவை உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்து, செல்வி வரும்வரை பார்த்துக்கொள்வார். இதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை.

சில நாளிலேயே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கிற சர்க்கரை ஏறத் தொடங்கியது. குறையவே இல்லை. வெளியில் ஏதாவது இனிப்பு சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார், எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதான். இல்லை என்றாள் செல்வி. காலை ஊசியைக் கொஞ்சம் கூட்டினார்கள். மறுபடி பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அப்போது புதிதாக ஒன்று ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையானால் சாயங்காலம் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கும். சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் சரியாகும்.

செல்வி கெட்டிக்காரி, அவளே கணக்குப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தான் வீட்டில் இருக்கிறோம், தன் கையால் அரைப் பாவு அளந்து செய்கிறோம், அன்றைக்கு இறங்குகிறது. மற்ற நாள் ஷமீம் வீட்டில் சாப்பிடுகிறாள், ஏறுகிறது. அப்படியானால் ஷமீம் பாசத்தில் ஏதோ இனிப்பு கொடுக்கிறார். எங்கள் அறையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் அளவை நானே நிறுத்துப் பார்த்தவள். அவள் பக்கம் பிசகில்லை என்றால் மிச்சம் ஒரே பக்கம்தானே.

செல்வி ஷமீமிடம் சண்டை போடவில்லை. இனிமேல் பாப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையிலேயே அரைப் பாவு அவலில் உப்புமா கிளறி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். குழந்தை தனியாக வந்து, தனியாகச் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் ஷமீம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். உடம்பெல்லாம் ஜில்லிட்டுக் கண் சொருகும்போது கீர்த்தனா நடுச்சுவரைத் தட்டியிருக்கிறாள். தட்டத் தெம்பிருந்தது, அந்தப் பக்கம் ஆள் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நான் இதை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஷமீம் குழந்தையின் வாயில் சர்க்கரையைத் தடவி நினைவு வரவைத்து, பிறகு தூக்கி வந்திருக்கிறார்.

வார்டில் குழந்தை தேறிப் படுத்திருந்தாள். மேடமும் நானும் போனோம். ஷமீம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். யாரோ தன்னைக் குற்றம் சொல்லப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தவர்போல நாங்கள் கேட்கும் முன்பே பேச ஆரம்பித்தார்.

"மேடம், நான் மிட்டாய் ஒண்ணும் குடுக்கலை. செல்வி சொன்னதுதான் குடுத்தேன். ஆதா பாவ் அவல். பராபர் ஆதா பாவ். ஒரு நாள் ஜாஸ்தி இல்லே, கம்மி இல்லே."

நான் தலையாட்டினேன். அரைப் பாவு, சரிதான் என்று மனதில் ஓடியது. மேடம் தலையாட்டவில்லை.

"எதுல அளந்தீங்க?" என்று கேட்டார்.

ஷமீமுக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் எதுக்கு மேடம் அளக்கணும்? கடையில நிறுத்துதானே குடுப்பாங்க?"

மேடம் என்னைப் பார்த்து, "யாவ பாவு, ஃபிலோமினா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அளப்பது வேறு, நிறுப்பது வேறு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பாவு என்ற ஒரே சொல் இந்த ஊரில் இரண்டு வீட்டிலும் குடியிருந்தது. பாவு என்றால் கால் பங்கு. செல்வி வாயில் அது சேரில் கால், அதாவது படி. உருது பேசுகிற ஷமீமுக்கு அது கிலோவில் கால், அதாவது எடை. 'ஆதா பாவ்' என்றால் கால் கிலோவில் பாதி, நூற்றிருபத்தைந்து கிராம். அரிசியாக இருந்திருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்தில் அரிசி கைமாற்று வாங்கியபோதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். அவல் லேசான சாமான். படியில் கொஞ்சம் போட்டாலே நிறைந்துவிடும், தராசில் மலைபோலக் குவித்தாலும் முள் அசையாது.

மறுநாள் காலை இரண்டு பேரையும் எங்கள் அறைக்கு வரச் சொன்னார் மேடம். செல்வி தன் பாவுப் படியை எடுத்து வந்தாள். ஷமீம் தெருமுனைக் கடையில் எப்போதும்போலக் கேட்டு, எப்போதும்போலப் பேப்பரில் மடித்துக் கொடுத்த பொட்டலத்தோடு வந்தார். வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்த கீர்த்தனாவும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வி அரைப் பாவு அளந்தாள். அதைத் தட்டில் கொட்டி நிறுத்தேன். பழைய எடைதான், ஐம்பதுக்கு ஒட்டி. ஷமீமின் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு தட்டில் கொட்டி நிறுத்தேன். நூற்றிருபத்தைந்து, கடைக்காரர் நேர்மையானவர். இரண்டு தட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் ஒரு கைப்பிடி. மற்றதில் இரண்டு ஆள் சாப்பிடலாம்.

விஷயத்தை இரண்டு பேருக்கும் புரிகிறமாதிரி மேடம்தான் சொன்னார். வார நாளில் இந்தப் பெரிய தட்டு, அதனால் சர்க்கரை ஏறியது. அதற்கேற்ப ஊசியைக் கூட்டினோம். கூட்டின ஊசிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சின்னத் தட்டு போதவில்லை. ஷமீம் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தியபிறகு எல்லா நாளும் போதவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டேன், ஊசியைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் செய்ததும் சரி, எங்கள் சார்ட்டில் அந்த வார்த்தை இருந்திருக்கக் கூடாது என்றார்.

ஷமீம் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன். அவர் பெரிய தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா தினமும் சொல்லும் மேடம், ஜாஸ்தியா இருக்குது, வேணாம்னு. டாக்டர் குடுத்த அளவு, மிச்சம் வெச்சா மயக்கம் வரும்னு நான்தான் மிரட்டி மிரட்டி... கடைசி வாய் வரைக்கும் நானே ஊட்டிவிட்டேன்."

அதற்குமேல் பேச முடியாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்.  செல்வியும் அந்தத் தட்டைப் பார்த்தாள். அந்தக் குவியலில் எத்தனை வாய் இருக்கும் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும்.

மேடம், வேலையைப் பார்ப்போம் என்பதுபோல, இனி ஒரே பாத்திரம்தான், வார நாளானாலும் லீவானாலும் அதே பாத்திரம், கோடு வெட்டித் தருகிறோம் என்றார். அது எந்த வீட்டில் இருக்கட்டும் என்றும் கேட்டார்.

செல்வி மேஜை மேலிருந்த பாவுப் படியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து ஷமீமிடம் நீட்டினாள். "இவங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

நான் என் வேலைப் புத்தியில், அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எதில் அளப்பாய் என்று கேட்டேன்.

"நான் எதுக்கு மேடம் அளக்கணும்? அன்னிக்கும் பாப்பா அங்கயே சாப்டட்டும். லீவுதானே, நானும் போறேன்."

ஷமீம் முகத்திலிருந்து துணியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் விட்டுவிட்டுச் செல்வியிடம் மட்டும் கேட்டார்.

"உனக்கு எவ்வளவு போடணும்?"

"எனக்கு அளக்காம போடுக்கா" என்றாள் செல்வி.